பட்டறை பதில்கள்: கூலன்ட் மாற்றினோம், பம்ப் ஒழுகுகிறது

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் 2004 மாடல் டொயோட்டா குவாலிஸ் டீசல் வண்டி இருக்கிறது. அப்பா வாங்கியது. 2,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பா இருந்தவரை ரேடியேட்டருக்குத் தண்ணீர்தான் ஊற்றுவார், அதுவும் வீட்டு போர் தண்ணீர். போன மாதம் சர்வீசுக்கு விட்டபோது ரேடியேட்டரிலிருந்து செங்காவி கரைத்த மாதிரி தண்ணீர் வந்தது. மெக்கானிக் ஏதோ மருந்து ஊற்றி ஃபிளஷ் செய்து, சிவப்புக் கூலன்ட் ஊற்றிக் கொடுத்தார். பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் காலையில் பார்த்தால் இன்ஜினுக்குக் கீழே தரையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஈரம். அன்றிலிருந்து தினமும் ஒழுகுகிறது. வாட்டர் பம்பிலிருந்து வருகிறதாம். "புதுக் கூலன்ட் பழைய வண்டிக்கு ஆகாது, சீலைத் தின்றுவிட்டது. இறக்கிவிட்டுப் பழையபடி தண்ணீர் ஊற்றினால் தானாக நின்றுவிடும்" என்கிறார் அதே மெக்கானிக். வேறொருவர் "பம்ப் போய்விட்டது, மாற்று" என்கிறார். இன்னும் மூன்று வாரத்தில் சித்தப்பா மகள் கல்யாணம். தேவாரம், போடி வழியாக மூணாறுக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். யார் பேச்சைக் கேட்பது?
(வாசகர், கம்பம்)

பதில்: பம்பை மாற்றிவிடுங்கள். தண்ணீருக்குத் திரும்ப வேண்டாம். ஒரு நாள் வேலைதான், ஆனால் கல்யாணத்துக்கு முந்தைய நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். புது பம்ப் போட்ட வண்டியை ஒரு வாரமாவது உள்ளூரில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மலை ஏற்ற வேண்டும்.

கூலன்ட் ஊற்றினதால் பம்ப் போச்சு என்று சொல்லிக்கொண்டு என் பட்டறைக்கு வருகிறவர்கள் நிறைய. யாரும் பொய் சொல்லவில்லை. ஊற்றினார்கள், ஒழுகியது, இரண்டையும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று தள்ளிவிடவும் முடியாது. கூலன்ட்டுக்கும் இந்த ஒழுக்குக்கும் தொடர்பு உண்டு. ஆனால் உங்கள் மெக்கானிக் சொல்லும் தொடர்பு அல்ல.

முதலில் ஒரு விஷயத்தை வீட்டில் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அப்பா எத்தனை நாளைக்கு ஒரு தடவை ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவார்? வாரா வாரம் என்று பதில் வந்தால், பம்ப் அப்போதே ஒழுக ஆரம்பித்திருக்கலாம். இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் மூடிய பாதையில் ஓடுகிறது. எங்கும் போகாது. வாரத்துக்கு அரை லிட்டர் குறைகிறது என்றால் எங்கோ ஓர் இடத்தில் வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். வெறும் தண்ணீர் சூடான இன்ஜின் மேல் சொட்டினால் ஆவியாகிப் போய்விடும், தரைக்கு வரவே வராது. வந்தாலும் ஏசி தண்ணீர் என்று நினைத்துக்கொள்வோம். கூலன்ட்டில் சாயம் இருக்கிறது. காய்ந்தாலும் கறை நிற்கும். முன்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது இப்போது சிவப்பாகத் தெரிகிறது.

அடுத்தது போர் தண்ணீர். உங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள், சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக ஒரு படிவு இருக்கும். நம் ஊர் உப்புத் தண்ணீர் சூடானால் அப்படித்தான் படியும். இருபது வருஷமாக அதே தண்ணீர் உங்கள் இன்ஜினுக்குள் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி வந்திருக்கிறது. அண்டாவில் படிந்தது இன்ஜினிலும் படிந்திருக்கும். கூடவே துரு. ரேடியேட்டரிலிருந்து வந்த செங்காவித் தண்ணீர் அந்தத் துருதான்.

இங்கேதான் பம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒரு தண்டு. அதன் வெளிமுனையில் புல்லியும் ஃபேனும். உள்முனையில், தண்ணீருக்குள், அதைத் தள்ளி ஓடவிடும் இம்பெல்லர் சக்கரம். நடுவில் பேரிங். பேரிங்குக்குத் தண்ணீர் ஆகாது, அதனால் இரண்டுக்கும் இடையே ஒரு சீல் வைத்திருப்பார்கள். சீல் என்றதும் ரப்பர் வாஷரை நினைக்காதீர்கள். அது இரண்டு வளையம். ஒன்று கரியில் செய்தது, மற்றது பீங்கான் போன்ற கெட்டிப் பொருள். ஒன்று அசையாமல் இருக்கும், மற்றது தண்டோடு சேர்ந்து சுற்றும். ஒரு ஸ்பிரிங் இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டும்படி அழுத்திக்கொண்டே இருக்கும். கண்ணாடி மாதிரி தேய்த்த அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவே பால் ஏட்டைவிட எத்தனையோ மடங்கு மெல்லியதாகக் கூலன்ட் பரவி நிற்கிறது. தேயாமல் காப்பதும் அதுதான், சூடேறாமல் காப்பதும் அதுதான்.

துருத் தூளும் சுண்ணாம்புத் தூளும் அந்த முகங்களுக்கு நடுவே போனால் என்ன ஆகும்? உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி கீறல் விழும். ஆனால் உடனே பெரிதாக ஒழுகாது. அதே சுண்ணாம்பு அந்தக் கீறலைச் சுற்றிலும் படிந்து அடைத்துக்கொள்ளும். புண்ணை உண்டாக்கியதே பொருக்காகவும் மூடியிருக்கிறது. ஃபிளஷ் மருந்து அந்தப் பொருக்கைக் கரைத்துவிட்டது. அதற்குமேல் கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனத் திரவம் வெறும் தண்ணீரைவிடச் சின்னச் சந்திலும் ஊர்ந்து புகுந்துவிடும். உங்கள் பம்ப் பதினோராம் நாள் ஒழுக ஆரம்பித்தது இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. சீலைக் கூலன்ட் தின்னவில்லை. தின்றது போர் தண்ணீர்.

"தண்ணீர் ஊற்றினால் நின்றுவிடும்" என்பதும் முழுப் பொய் அல்ல. நிற்கத்தான் செய்யும். அதுதான் எனக்குப் பயம். 1997-ல் நான் மதுரையில் சொந்தமாகப் பட்டறை போட்ட புதிது. ஓர் அம்பாசடர் டாக்ஸிக்கு இதே போலக் கழுவிக் கூலன்ட் ஊற்றினேன். ஒரு வாரத்தில் பம்ப் ஒழுகியது. வண்டிக்காரர் வந்து என்னைக் கேட்டார், நியாயமான கோபம். எனக்கும் அப்போது விவரம் போதவில்லை. கூலன்ட்தான் காரணம் என்று நானே நம்பி, இறக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நாளில் ஒழுகல் நின்றது. சரியாகிவிட்டது என்று இரண்டு பேருமே நிம்மதியாக இருந்தோம்.

நாலு மாதம் கழித்து ஒரு ராத்திரி, நத்தம் ரோட்டில், சவாரியோடு போகும்போது அந்த பம்பின் பேரிங் உடைந்தது. அம்பாசடரில் ஃபேன் பம்ப் தண்டிலேயே உட்கார்ந்திருக்கும். தண்டு ஆடியதும் ஃபேன் முன்னால் சாய்ந்து ரேடியேட்டரைச் சீவிவிட்டது. வண்டியில் ஒரு கைக்குழந்தை இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேறு வண்டி கிடைக்காமல் அந்தக் குடும்பம் விடியும்வரை ரோட்டோரம் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் அந்த பம்பைக் கழற்றி விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். கரி வளையத்தின் முகத்தில் கிராமபோன் தட்டு மாதிரி வட்ட வட்டமாக வரி. நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு வரியும் தட்டுப்பட்டது. பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீலைத் தாண்டி வரும் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே சொட்டட்டும் என்பதற்காகவே வைத்தது. அந்த ஓட்டையில் சுண்ணாம்பும் கிரீஸ் கலந்த மண்ணும் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. ஒழுகல் நின்றதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் வருவது நிற்கவில்லை, வெளியே போகும் வழிதான் அடைந்திருக்கிறது. தண்ணீர் பேரிங்குக்குள் போயிருந்தது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் சகதி. குண்டுகள் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தன. பம்பும் ரேடியேட்டரும் என் செலவில் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப்பின் இன்றுவரை எந்த பம்ப் ஒழுகலையும் "நிறுத்தி" நான் அனுப்பியதில்லை.

குவாலிஸிலும் ஃபேன் பம்பின் மேல்தான் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பம்பை வாங்கும் முன் ஒழுகுவது பம்ப்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தாலும், தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீருக்கு வழிவிடும் வால்வு) மூடியின் கேஸ்கெட் (இணைப்பில் வைக்கும் அடைப்புத் தாள்) போயிருந்தாலும், அங்கிருந்து வழிந்து பம்பின் அடியில் சொட்டும். இதை நம்பி நல்ல பம்பை மாற்றியவர்களும் உண்டு. காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, பம்பையும் சுற்றியிருக்கும் ஹோஸ்களையும் துணியால் துடைத்து ஈரமில்லாமல் காய விடுங்கள். பிறகு முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை அந்த இடம் முழுக்கத் தூவிவிடுங்கள். இன்ஜினைச் சூடேறும்வரை ஓடவிட்டு நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் எங்கே தொடங்கியதோ அங்கிருந்து பவுடரில் கோடு இறங்கியிருக்கும். அடி ஓட்டையிலிருந்து கோடு இறங்கினால் சீல். பம்ப் இன்ஜினோடு சேரும் விளிம்பிலிருந்து என்றால் கேஸ்கெட். மேலிருந்து வந்தால் ஹோஸ். கைப்பம்ப் வைத்த பிரஷர் டெஸ்டர் உள்ள பட்டறை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ரேடியேட்டர் வாயில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் பார்த்தால் போதும்.

ஓட்டையைச் சுற்றி லேசாகக் காய்ந்த உப்புப் பூத்த மாதிரி மட்டும் இருந்து, ஈரமே இல்லை என்றால் பயப்பட வேண்டாம். அந்த மெல்லிய ஏட்டிலிருந்து துளித்துளியாக ஆவியாவது இயல்புதான். உங்களுக்குத் தரையில் ஈரம் நிற்கிறது. அது வேறு.

பேரிங்கையும் பாருங்கள். சாவியை எடுத்துவிட்டு, ஃபேன் பெல்ட்டைத் தளர்த்தி, பம்ப் புல்லியை இரண்டு பக்கமும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டொக்' என்று தட்டினாலோ, சுற்றும்போது மணல் அரைபடுகிற உணர்வு கைக்கு வந்தாலோ, வண்டியை அத்தோடு நிறுத்திவிடுங்கள். கடைக்குப் போய் வரக்கூட எடுக்காதீர்கள். ஃபேன் இறக்கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். குவாலிஸில் ஃபேனுக்கும் பம்புக்கும் நடுவே விஸ்கஸ் கப்ளிங் என்ற எண்ணெய் அடைத்த இணைப்பு இருக்கிறது, அது தன்னளவில் கொஞ்சம் ஆடும். எலெக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்துச் செய்து பார்ப்பதாக இருந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுக் கையை விடுங்கள். சில வண்டிகளில் இன்ஜின் நின்ற பிறகும் அந்த ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும்.

உங்கள் மெக்கானிக்கிடம் சண்டை வேண்டாம். பழைய தண்ணீரை இறக்கியது நல்ல வேலை, சொல்லப்போனால் எத்தனையோ வருஷம் முன்பே நடந்திருக்க வேண்டியது. அவரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். ஃபிளஷ் மருந்தை இறக்கியபின் நல்ல தண்ணீர் விட்டு எத்தனை தடவை அலசினார்? மருந்து உள்ளே மிச்சமிருந்தால் புதுக் கூலன்ட்டையும் கெடுக்கும், புது சீலையும் கெடுக்கும். அலசித் தெளிந்த தண்ணீர் வரும்வரை விட வேண்டும், மூன்று தடவையோ ஐந்து தடவையோ. இரண்டாவது கேள்வி, எவ்வளவு இறங்கியது, எவ்வளவு ஏறியது? எட்டு லிட்டர் இறங்கி ஆறு லிட்டர்தான் ஏறியது என்றால் மீதி இரண்டு லிட்டர் இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காற்றுக்குமிழி பம்புக்கு வந்து நின்றால் சீலின் இரண்டு முகங்களும் ஈரமில்லாமல் உரசும். கொஞ்ச நேரம் அப்படிச் சுற்றினாலே சீல் பழுதாகிவிடும். நல்ல பம்பையே கெடுத்துவிடும் என்றால் ஏற்கெனவே கீறல் விழுந்தது எம்மாத்திரம்?

ஆகவே புது பம்ப் போடும்போது கூடவே நின்று பாருங்கள். பழைய கேஸ்கெட் ஒட்டியிருக்கும் இடத்தைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டும், உலோகத்தில் பள்ளம் விழாமல். கேஸ்கெட் பேஸ்ட்டைத் தாராளமாகப் பிதுக்குவது நம் பட்டறைகளில் உள்ள கெட்ட பழக்கம். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்துபோய் ரேடியேட்டர் குழாயில் அடைக்கும். புது கேஸ்கெட்டும் மெல்லிய பூச்சும் போதும். ஃபேன் பெல்ட் பழையது என்றால் அதையும் மாற்றுங்கள், ஆனால் வீணைத் தந்தி மாதிரி முறுக்க விடாதீர்கள். நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல இறங்க வேண்டும். இறுக்கம் கூடினால் புது பேரிங் சீக்கிரமே போய்விடும். தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் மூடியும் எத்தனை வயசோ தெரியாது, சின்ன விலைதான், மாற்றிவிடுங்கள்.

கூலன்ட் ஊற்றுவதற்கு அவசரப்படக் கூடாது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த கூலன்ட் பட்டால் சீலின் பீங்கான் வளையமே விரிசல் விடலாம். வண்டியின் மூக்கு மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரைச் சூடு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். நடுநடுவே பெரிய ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழ் குமிழாகக் காற்று வரும். நிரம்பியபின் மூடியைப் போடாமல் ஐட்லிங்கில் ஓடவிட்டால், 80-க்கும் 90 டிகிரிக்கும் நடுவே தெர்மோஸ்டாட் திறக்கும். மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும், மட்டமும் குறையும். அப்போது திரும்ப நிரப்பி, மூடியைப் போட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் ஆறியபின் ஒரு தடவை மட்டம் பாருங்கள். அதற்கடுத்த ஓரிரு நாள் புது பம்பின் ஓட்டையில் ஒரு துளி ஈரம் தெரிந்தால் கலங்காதீர்கள், முகங்கள் ஒன்றோடொன்று பழகும் நேரம் அது. ஒரு வாரம் கழித்தும் ஈரம் இருந்தால் பம்பைத் திருப்பிக் கொடுங்கள்.

அடர் கூலன்ட் வாங்கினால் பாதிக்குப் பாதி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கலக்குங்கள். போர் தண்ணீர் ஒரு சொம்புகூட வேண்டாம். 'அப்படியே ஊற்றலாம்' என்று போட்ட பாட்டில் என்றால் எதையும் கலக்க வேண்டாம். கூலன்ட் பனி விழுகிற ஊருக்குத்தானே, கம்பத்துக்கு எதற்கு என்று கேட்பார்கள். உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். நமக்கு வேண்டியது துருப்பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையைத் தூக்கி வைப்பதும்.

அந்தக் கொதிநிலைதான் உங்கள் பயணத்துக்கு முக்கியம். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. 0.9 என்று போட்ட மூடி, உள்ளே அந்த அளவு அழுத்தம் சேரும்வரை அடைத்து வைத்திருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரிவரை கொதிக்காது, கூலன்ட் கலந்தால் அதற்கும் மேலே. பம்ப் ஒழுகினால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் இல்லாத தண்ணீர் சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும், மேலே போகப் போக இன்னும் சீக்கிரம். 1,400 மீட்டர் உயரத்தில் 95 டிகிரியே போதும். போடி முந்தலைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவு. ஆள் நிறைந்த வண்டி, இரண்டாம் கியர், இன்ஜின் கத்திக்கொண்டிருக்கும், எதிர்க்காற்று இருக்காது. ஒழுகும் பம்போடு அங்கே ஏறினால் பாதி வளைவில் கொதித்துவிடும். ஒரு தடவை நன்றாகக் கொதித்தால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வளையும், விரிசலும் விடலாம். ஹெட் வேலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பம்பின் விலை ஒன்றுமே இல்லை.

மலையில் ஏறும்போது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறுவதைப் பார்த்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, முதலில் கிடைக்கும் அகலமான இடத்தில் ஓரம் கட்டுங்கள். ஆவி வந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். மூடியில் கை வைக்காதீர்கள், ஈரத்துணி போட்டுத் திறக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முக்கால் மணி நேரம் ஆகட்டும். வெந்த கையோடும் முகத்தோடும் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதை மறக்காமல் செய்யுங்கள். பம்ப் மாற்றும்போது கீழே இறங்கும் கூலன்ட்டை அகலமான டப்பில் பிடித்து, மூடி போட்ட கேனில் ஊற்றி வையுங்கள். கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் கோழியும் நக்கும், விவரம் தெரியாத குழந்தையும் வாயில் வைக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டு உயிர் போகும் விஷம் அது. இப்போது தினமும் உங்கள் வீட்டுத் தரையில் நிற்கும் அந்தச் சிவப்பு ஈரமும் அதேதான். பம்ப் வரும்வரை அடியில் ஒரு தட்டு வைத்து, காலையில் தரையை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

அப்பா தண்ணீர் ஊற்றினார் என்று வருத்தப்படாதீர்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் அதைத்தான் செய்தோம், எங்களைப் போன்ற மெக்கானிக்குகள் சொல்லித்தான் செய்தார்கள். மட்டம் குறையாமல் பார்த்துப் பார்த்து ஊற்றியதால்தான் அந்த இன்ஜின் 2,60,000 கிலோமீட்டர் வந்திருக்கிறது.

கேள்வி: ரேடியேட்டர் லேசாக ஒழுகினால் மஞ்சள்தூள் போட்டால் நின்றுவிடும் என்று எங்கள் டிரைவர் சொல்கிறார். வாட்டர் பம்ப் ஒழுகினாலும் கேட்குமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: ரேடியேட்டர் குழாயில் ஊசிமுனை ஓட்டை என்றால், நடுக்காட்டில் மாட்டிக்கொண்ட நேரத்தில், அடுத்த ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். லாரிக்காரர்கள் அப்படிப் பலமுறை வந்து சேர்ந்திருக்கிறார்கள். பம்ப் சீலுக்குக் கேட்காது. அசையாத ஓட்டையில்தான் தூள் போய் அடைக்கும். சீலின் இரண்டு வளையங்களில் ஒன்று நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுகிறது. அங்கே போகும் தூள் அடைக்காது, இன்னும் அறுக்கும். மிச்சத் தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஹீட்டரிலும் போய் உட்காரும். கடையில் விற்கும் ஸ்டாப் லீக் மருந்துக்கும் இதே பதில். வேறு வழியில்லாமல் போட்டுவிட்டீர்கள் என்றால், ஊர் வந்ததும் முழுக்க இறக்கி அலசிவிடுங்கள். மெக்கானிக்கிடம் போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: வண்டியில் சிவப்புக் கூலன்ட் இருக்கிறது. மட்டம் குறைந்ததால் பச்சை வாங்கி வந்துவிட்டேன். கலக்கலாமா?
(வாசகி, திருச்சி)

பதில்: கலக்காதீர்கள். நிறம் கம்பெனி போடும் சாயம், அவ்வளவுதான். ஒரே நிறத்தில் வேறு வேறு வகையும், வேறு வேறு நிறத்தில் ஒரே வகையும் விற்கிறார்கள். துருவைத் தடுக்கும் மருந்து வகைக்கு வகை மாறும். சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் கூழ் மாதிரி திரிந்துகொள்ளும், திரியாவிட்டாலும் மருந்தின் ஆயுள் குறையும். வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த வகை என்று போட்டிருக்கும், பாட்டிலின் பின்பக்கமும் அதே இருக்க வேண்டும். ஐ.எஸ். 5759 என்ற இந்தியத் தர எண்ணோ, ஜப்பான் வண்டிகளுக்கு ஜே.ஐ.எஸ். கே 2234 என்ற எண்ணோ பாட்டிலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வழியில் அவசரம் என்றால் வேறு நிறத்துக்குப் பதில் டிஸ்டில்டு வாட்டர் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள். ஆனால் மட்டம் ஏன் குறைந்தது என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: 2005 ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டிடிஐ வைத்திருக்கிறேன். டைமிங் பெல்ட் மாற்றக் கொடுத்தால் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்கிறார்கள். பம்ப் ஒழுகவே இல்லை. பணம் பிடுங்கப் பார்க்கிறார்களா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இல்லை, சரியாகத்தான் சொல்கிறார்கள். இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் பல் வைத்த பெல்ட்தான் டைமிங் பெல்ட். உங்கள் வண்டியில் பம்பைச் சுற்றுவதும் அதுதான். பம்ப் பிற்பாடு ஒழுகினால் கூலன்ட் பெல்ட்டில் படும். பேரிங் இறுகினால் பெல்ட் பல் தாண்டும் அல்லது அறுந்துவிடும். அந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டும். பம்பை மட்டும் தனியாக மாற்ற வந்தாலும் பெல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும், அதே கூலியை இன்னொரு முறை கொடுப்பீர்கள். பெல்ட், டென்ஷனர், ரோலர், பம்ப் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். கழற்றிய பழைய பம்பைக் கேட்டு வாங்கி, தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள்.